கத்தாமல் படுத்த குட்டி

தாய் ஆட்டைச் சிறுத்தை கொண்டுபோன நாள் முதல், அதன் குட்டியைத் தன் கம்பளி அங்கிக்குள் போட்டுக்கொண்டே மலையேறினார் இமயத்துச் சம்பா மலை மேய்ப்பர் துர்கு. கீழே விட்டால் ஓயாமல் கத்தியது. பட்டியைச் சுற்றி மூன்று நாளாகச் சிறுத்தையின் காலடித் தடம்.

“இது கத்துறது நமக்கு மட்டுமா கேக்குது, அண்ணே? அறுத்துடலாம்” என்றான் கீழ்ச் சரிவில் தனி மந்தை வைத்திருந்த தம்பி சௌகு.

“பசியில கத்தலடா. தனியா இருக்கேன்னு கத்துது.”

துர்கு ஒரு நொண்டி வெள்ளாட்டுக் குட்டியை அதனுடன் சேர்த்துவிட்டு, இரண்டுக்கும் வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்தன, சத்தமே இல்லை.

மறுநாள் மதியம் மூடுபனி இறங்கியது. காவல் நாய் உறுமியது. பட்டியருகே ஏதோ வந்து நின்றது; குட்டிகள் கத்தவில்லை; அது கடந்து போனது. சற்றைக்கெல்லாம் கீழ்ச் சரிவில், தம்பியின் மந்தையிலிருந்து ஓர் ஆட்டின் அலறல் எழுந்து பாதியில் நின்றது. நல்லவேளை என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, துர்கு தடியோடு ஓடினார்.