இறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர்

இதை நெருங்கிய தோழிகளுக்கு மட்டும்தான் போடுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாருக்கும் காட்டாதீர்கள்.

பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள் இல்லையா? தாத்தா சிலோனிலிருந்து பந்தலூருக்கு எந்த வருடம் வந்தார் என்று பார்க்க, இன்று தேயிலை எஸ்டேட் ஆபீஸில் பழைய பதிவேடுகளைக் கேட்டேன்.

இறப்புப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் இருந்தது. செல்வராஜ், தகப்பன் பெயர் கருப்பையா (தாத்தாதான்), வயது மூன்று, காய்ச்சல்.

கிளார்க் அண்ணன் சிரித்தார். "காலையில எங்கூட டீ குடிச்சது யாரு பாப்பா, ஆவியா?"

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எம்புள்ள இங்க வந்த முதல் குளிருலயே போயிட்டான். பக்கத்து லயத்து வீட்டுல தாய் தகப்பன் இல்லாம அதே வயசுல ஒரு பையன் நின்னான். சிலோன்லருந்து வந்தவங்களுக்குக் குடுத்த கார்டு அவனுக்கு இல்ல. அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். எங்க குடும்பக் கார்டுல செல்வராஜ் பேர அடிக்காம, அவனுக்கே குடுத்துட்டேன். உங்கப்பனுக்கு இது தெரியாது புள்ள. தெரியவும் வேணாம்."

அப்பாவின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டேன்.

தாத்தாவுக்கு அது மறந்துவிட்டதாம்.

நாளை குடும்ப மரச் சார்ட்டை அப்பாவின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். தாத்தாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதன் நுனியில் எந்தச் செல்வராஜை எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மதிப்பெண் எனக்கு வேண்டாம், நீங்களே…

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"சார்ட்ல என் கையெழுத்து வேணும்னியே பாப்பா"