சிவந்த கன்னமும் சாத்திய கதவும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது மூன்றே பேர். வாரம் ஒருநாள் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் கிட்னி டாக்டர், கன்னடம் கலந்து பேசும் நர்ஸம்மா, அப்புறம் நான். கூட யாரும் வரவில்லையா என்று நர்ஸம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார். 2007, ஆடி மாதம்.

முந்தின வருஷம் அக்கா தன் கிட்னி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு சாமல்பட்டிக்குத் திரும்பிவிட்டாள். நான் சிப்காட் பக்கம் லைன் வீட்டில் தனி ஆள். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்றாலும் ஒன்று நன்றாகப் புரிந்திருந்தது. உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும் போட வேண்டும். அதனால் யார் தும்மினாலும் எனக்குப் பக்கென்று இருக்கும்.

என்னோடு பேச இருந்தது பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களின் ஐந்து வயதுப் பாப்பா மட்டும்தான். "மாமா, மாஸ்க் போட்டா நீ திருடன்" என்பாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு கன்னமும் அறைந்தது போலச் சிவந்திருந்தன. கதவைச் சாத்தினேன். அவளுக்குக் குணமான பிறகும் திறக்கவில்லை.

எனக்கோ படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்றினாலும் மறுபடி குறைந்தது. பாப்பாவின் அம்மாவிடம், "உங்க புள்ள கொண்டாந்த நோயில எங்கக்கா குடுத்த கிட்னி போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவர் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்த அறையில் டாக்டர் என் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டைப் பிரித்தார். "பார்வோவைரஸ். பசங்களுக்கு வந்தா கன்னம் செவந்து தானா சரியாயிடும். ஆனா எலும்புக்குள்ள, தோலுக்குள்ள வருஷக்கணக்கா சத்தமில்லாம கெடக்கும். உங்களுக்குத்தான் உடம்போட காவலை மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருக்கோமே, அதான் அந்த வைரஸ் ரத்தம் ஊற விடாம பண்ணுது."

"பக்கத்து வீட்டுப் பாப்பாகிட்ட ஒட்டினதுதானே சார்?"

"அவளுக்கு எப்பக் காய்ச்சல்?"

"ஏப்ரல்ல."

அவர் என் ஃபைலைப் புரட்டினார். "உங்களுக்கு பிப்ரவரியிலேயே ரத்தம் எறங்கியிருக்கே. உங்ககிட்டருந்து அவளுக்குப் போயிருந்தாலும் போயிருக்கும்."

மாத்திரையைக் குறைத்து, ஐந்து நாள் டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். குறைத்ததில் கிட்னி போய்விடுமோ என்று ஐந்து நாளும் நான் தூங்கவில்லை. கிட்னி தப்பியது, ரத்தமும் மெல்ல ஊறியது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தால் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் பஸ்ஸில் கன்னம் சிவந்த குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துவிடத்தான் தோன்றுகிறது; ஆனால் யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற எழுகிறேன் என்பதுதான் எனக்குத் தெரிவதில்லை.