எட்டு டம்ளர் தண்ணீர்

டுவேன் ஹாஸ்கின்ஸுக்கு இரண்டு வியாதி. ஒன்றைக் கவனிக்க ஆஸ்பத்திரி, இன்னொன்றைக் கவனிக்கக் கோர்ட். இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே. தெருவைக் கடந்து அவை பேசிக்கொண்டதாக மட்டும் இதுவரை தகவல் இல்லை.

மனக் கொந்தளிப்புக்கு ஆஸ்பத்திரி லித்தியம் கொடுத்தது. "தினம் எட்டு டம்ளர் தண்ணி. குறைஞ்சா மாத்திரையே விஷமாயிடும்" என்றாள் நர்ஸ். மெத் போதைக்காக ஜெயிலுக்குப் பதில் சிகிச்சை என்று தீர்ப்பளித்த கோர்ட், சிறுநீரை வாங்கிப் பார்த்தது. நீர்த்துப் போயிருந்தால், தண்ணீர் குடித்துப் போதையை மறைக்கிறான் என்று அர்த்தம். ஒரு முறை அப்படி எழுதியாயிற்று. மறுமுறை மூன்று நாள் லாக்கப்.

தினமும் காலை ஆறு மணிக்கு அவன் கோர்ட்டுக்குப் போன் செய்வான். பதிவுக் குரல் ஒரு நிறம் சொல்லும். அந்த நிறக்காரர்கள் அன்று போய்ச் சோதனை கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை அது டுவேனின் நிறத்தைச் சொன்னது: "பழுப்பு."

அவன் குழாயை இறுக்கி மூடினான்.

பகலெல்லாம் கூரைக்கு ஓடு வேய்ந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. உடன் வேலை பார்க்கும் லானி புட்டியை நீட்டினான்.

"இந்தாடா. கூரை மேல ஏறி நோன்பு இருக்கியா?"

"வேணாம். இன்னைக்கு டெஸ்ட்டு."

சாயங்காலம் கோர்ட்டில் அவன் கை உதறியது. கண்காணிப்பு அதிகாரி டாகெட் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

"கை ஆடுதே. நேத்து என்ன போட்ட?"

"மாத்திரை, மேடம்."

"எல்லாரும் அதைத்தாம்ப்பா சொல்றாங்க." கோப்பையைக் கொடுத்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

நீதிபதி நல்ல அம்மாள். சோதனையில் தேறியவர்களுக்கு மிட்டாய் கொடுத்துக் கை தட்டச் சொல்பவர். மேஜை மேலிருந்த தண்ணீர்க் கூஜாவை அவன் பக்கம் தள்ளினார். "முதல்ல கொஞ்சம் குடி, கண்ணு."

"குடிச்சா தண்ணியா வரும், ஜட்ஜம்மா. குடிக்கலன்னா வரவே வராது. எதுக்கு மூணு நாள்?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள் டாகெட்.

கூடம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "நர்ஸம்மாவைக் கேளுங்க. எதுத்தாப்லதான் இருக்காங்க."

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "இந்நேரம் அவங்க வீட்டுக்குக் கிளம்பியிருப்பாங்கப்பா. அடுத்த வாரம் லெட்டர் வாங்கிட்டு வா."

டுவேனுக்குத் தலை சுற்றியது. கூஜாவை அப்படியே தூக்கிக் குடித்தான். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், எல்லோரும் பார்க்கக் குடித்தான். பிறகு கோப்பையில் வந்தது தண்ணீராகவே வந்தது; மூன்று நாள்.

லாக்கப்பில் குழாய் இருந்தது, எவ்வளவு குடித்தாலும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கையால் ஏந்தி ஏந்தி எட்டு டம்ளர் கணக்காகக் குடித்துவிட்டுக் கம்பிக்கு வந்தான்.

"சார், என் மாத்திரை?"

"டாக்டர் எழுதித் தரணும். அவர் திங்கக்கிழமைதான் வருவார்" என்றார் காவலர். அவன் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: "நீ ஞாயித்துக்கிழமையே வெளிய போயிடுவ. உனக்கென்ன கவலை?"