சபூர் என்று மறைத்த வலி

கல்முனையில் எங்கள் வீட்டில் வாப்பா திடீரென மௌத்தானபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துச் சென்றதும் என் நெஞ்சு இறுகியது. இதயம் தாறுமாறாகத் துடித்தது. வந்தவர்கள் எல்லோரும் "சபூர் செய்ங்க மகள்" என்றார்கள். வலியைச் சொன்னால் சபூர் இல்லாதவள், பொறுமையற்றவள் என்பார்களோ என்று அழாமலும் வாய் திறக்காமலும் இருந்தேன். வாப்பாவின் தங்கை, என் மாமிதான் எனக்கு வியர்த்துக் கொட்டுவதைக் கண்டார்.

"நெஞ்சு நோகுதா புள்ள?"

"ஓம் மாமி. கவலைதானே, சரியாப் போயிரும்."

"கவலைக்கு இப்பிடி வேர்க்காது. எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அதிர்ச்சியில் இதயத் தசை பலவீனமாகி, துடிப்பும் குழம்பியிருப்பதாக டாக்டர் சொன்னார். இளவயதிலும் வருமாம். சில வாரங்களில் குணமானேன்.

இப்போது மௌத்து வீடுகளில் அழாமல் இருப்பவளின் பக்கத்தில்தான் உட்காருகிறேன். சபூர் சொல்வதற்கு முன், "நெஞ்சு நோகுதா?" என்று கேட்கிறேன்.