பட்டியலில் இருந்த மூத்தவள்

பசுந்தாங்கிலிருந்து தாகேதா போகும் பஸ்ஸில் என் மகளைப் பிடித்தார்கள். யாரோ கொடுத்தனுப்பிய பை அவள் மடியில் இருந்தது. உள்ளே போதை மாத்திரை. அவளுக்கு வயது பதினைந்து. வீட்டில் யார் யார் என்று சர்க்கார் பதிந்து தரும் வீட்டுப் பட்டியல் தாளில் பதினெட்டு.

அதற்குக் காரணம் நான்தான். இவளுக்கு மூத்தது ஒரு பெண். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டது. பர்மாவில் எங்களைப் போன்ற தமிழாட்களுக்கு அந்தத் தாளில் ஒரு பெயர் ஏறுவது லேசில்லை. ஏறின பெயரை அடிக்கச் சொல்லி வார்டு ஆபீசில் போய் நிற்க மனசு வரவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் இவள் பிறந்தாள். அதே பெயரை வைத்தோம், அதே வரியில் வளர்த்தோம். தாளில் வயதைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் இவளிடம் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரரும் செத்துப்போனபின் உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வக்கீல் பர்மாக்காரர், பொறுமைசாலி. என்னை அத்தை என்கிற மாதிரி “அடோ” என்றுதான் கூப்பிடுவார். இவளுக்குப் பதினைந்துதான் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“அடோ, பதினெட்டு ஆன ஆளுன்னா பத்து வருஷம் ஜெயில். அதுல ஒரு நாள் குறைக்க ஜட்ஜுக்கே அதிகாரம் இல்ல. பதினாறு ஆகலேன்னா பிள்ளைங்க சட்டம், வேற வழி இருக்கு. நீங்கதான் வாயத் தொறக்கணும்.”

நான் நாலாவது வரை படித்தவள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூசுகிறவள்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் தாளைத் தூக்கிக் காட்டினார். “போன மாசம் பதினெட்டு, இன்னிக்குப் பதினஞ்சு. அடுத்த வாய்தாவுக்குத் தொட்டிலோட வருவீங்களா, அடோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. “அப்ப இந்தத் தாள்ல இருக்கறது யாரு?” என்று கேட்டார்.

“செத்துப்போன என் மூத்த மக.”

பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல்லை நான் வெளியே விட்டதில்லை. கூண்டில் நின்ற மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

டாக்டர் அவள் பல்லையும் எலும்பையும் பார்த்து, பதினாறு ஆகியிருக்காது என்று எழுதிக் கொடுத்தார். பத்து வருஷ ஜெயில் தப்பியது. பெண் பிள்ளைகளைத் திருத்தும் பள்ளியில் பதினெட்டு வயது வரை இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு உயிர் வந்தது.

முதல் வாரம் பார்க்கப் போனபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“என்னைக் கூப்பிட்டப்பல்லாம் யாரைம்மா நெனச்ச?”

“உன்னத்தான்டி” என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. சற்று யோசித்துத்தான் சொன்னேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

மறு வாரம் அவள் என்னைப் பார்க்க வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும். கொண்டுபோன தேங்காய்ச் சோற்றை, சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடும்படி காவல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.