ஆறு துண்டுக் காகிதம்

சந்தேஷ் என்ற வங்காளத்துப் பால் இனிப்பு வாங்கிவந்த அட்டைப்பெட்டியில், காலியான பிறகும் பால் வாசனை போகாது. பெஹாலாவில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் கணக்குப் பாடத்துக்கே அந்த வாசனைதான். கணக்கு டீச்சர் ஷுக்லாதி, காலிப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, வட்டமாக வெட்டிப் பங்குபோட வைத்து, நான்கு நான்கு பேராகத் தரையில் உட்காரவைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். ஒருத்திக்குப் புரியாதவரை மற்ற மூவரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் குழுவில் அப்படி எல்லோரையும் காக்கவைத்தவள் ருமா. கரும்பலகையைப் பார்த்தால் திருதிருவென்று விழிப்பாள். துண்டுகளைக் கையில் கொடுத்தாலோ எங்களுக்கு முன்னால் விடை சொல்வாள்.

ஆண்டுத் தேர்வில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லியிருந்தார்கள். கையில் அட்டை இல்லை. ருமா ரஃப் தாளைக் கிழித்து, ஆறு சம துண்டாக்கி, மூன்றை ஒரு பக்கமும் இரண்டை ஒரு பக்கமும் வைத்து எண்ணினாள். கண்காணிக்க வந்த வேறு வகுப்பு டீச்சர் "டுக்லி!" என்று கத்தினார், காப்பியடிக்கும் சீட்டுக்கு அங்கே அதுதான் பெயர்.

"இல்ல தீதி, கணக்குதான் போடறேன். பாருங்க, ஒண்ணுமே எழுதல" என்று ருமா துண்டுகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஓர் எழுத்துகூட இல்லாத காகிதத்தில் என்ன காப்பியைக் கண்டாராம் அந்த அம்மாள்? விடைத்தாளைப் பிடுங்கிப் பூஜ்யம் போட்டு, அடுத்த வருடமும் அவளை ஐந்தாம் வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள். ஷுக்லாதி தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டுப் பேசாமல் திரும்பினார். அதன் பிறகு அட்டையைத் தொடவேயில்லை. அவரையும் நான் மன்னிக்கவில்லை.

வீட்டில் அழுதேன். "நாம பிழைக்க வந்த இடம். ஊர் வம்பு நமக்கெதுக்குடி?" என்றாள் அம்மா.

இன்று டாலிகஞ்சில் என் மகளின் பள்ளியில் 'கணித ஆய்வகம்' என்று பலகை மாட்டி, பிளாஸ்டிக் வட்டங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தன்று மட்டும் திறந்து, பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள். ஒருத்திக்காக மூன்று பேர் காத்திருந்த அந்த வகுப்பு எங்கேயும் இல்லை. போன வாரம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் டீச்சரிடம் சத்தம் போட்டுவிட்டேன்.

"உனக்கு ஏம்மா இவ்ளோ கோபம்?" என்று மகள் கேட்டாள்.

அந்த ஆண்டுத் தேர்வன்று என் டெஸ்க்கிலும் ஆறு துண்டுகள் இருந்தன. ருமா அழுதுகொண்டிருந்தபோது அவற்றை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். அந்தக் கணக்குக்கு எனக்கு முழு மதிப்பெண்.