கண் மூடியதற்கு ஒரு சாட்சி

அன்று காலை ஹில்க்காவின் வாயில் காப்பி நிற்கவில்லை, இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடந்தது. முகவாதம் என்றார் மருத்துவர். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். நரம்பு தானாகத் தேறும், ஆனால் மெதுவாகத்தான் தேறும். அதுவரை கண்ணுக்குக் களிம்பு போட்டு, படுக்கும்போது பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். கண் முழுசாக மூடும்வரை டிராம் ஓட்டக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் அவள் தலையில் இடியாக விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஹெல்சின்கியில் டிராம் ஓட்டுகிறாள். ஏறுகிறவர்கள் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்கள் என்ற தெம்பு இருந்தது. வீட்டில் அதுவும் கிடையாது.

"கண்ணு மூடுதான்னு வீட்டுல யாரையாவது தினம் பாத்துச் சொல்லச் சொல்லுங்க," என்றார் மருத்துவர். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்கு வராது; இரண்டையும் மூடிவிட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது.

எதிர்வீட்டில் தௌனோ, மனைவியை இழந்த எழுபது வயசுக்காரர். பதினோரு வருஷமாகக் கதவுக்குக் கதவு. படிக்கட்டில் காலடி கேட்டால், அது ஓயும்வரை உள்ளேயே நின்றுவிட்டு வெளியே வருவதுதான் அங்கே மரியாதை. நல்ல மரியாதை! மூன்று நாள் தயங்கிவிட்டு அவர் வீட்டு மணியை அடித்தாள், விஷயத்தைச் சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினாள்.

"முழுசா மூடல, வெள்ளையா ஒரு கோடு தெரியுது," என்றார்.

தினமும் ஐந்து மணிக்குப் போனாள். தினமும் கோடு தெரிந்தது. ஒரு வாரத்தில் காப்பி வந்தது, அப்புறம் ஏலக்காய் பன்னும் வந்தது. அவள் உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கிறவரை அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழாவது வாரம் மருத்துவர் கண்ணை இறுக்கி மூடச் சொல்லி, அவள் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. "இவ்வளவு பலம் நேத்து இன்னைக்கு வந்ததில்ல. மூணு வாரமாவே மூடியிருக்கும். யாரும் சொல்லலையா?" திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

படியேறும்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வாரம் வீணாக வீட்டில் அடைந்து கிடந்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்றுதான் மணியை அடித்தாள். கதவைத் திறந்தவர் சலவைச் சட்டை போட்டு, தலையை நனைத்து வாரியிருந்தார். மேசையில் இரண்டு கோப்பை. உள்ளே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளையிலிருந்து இங்கே வர ஒரு காரணமும் இல்லையே என்று பயமாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தெரியுது," என்றார்.

"திங்கக்கிழமையிலேருந்து டிராம் எடுக்கறேன்," என்றாள் ஹில்க்கா, கண்ணைத் திறக்காமலே. "ஆறு மணிக்கு மேலதான் காட்ட வர முடியும்."